காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம்: ஸ்காட்லாந்து சுடும் வீரர்கள் எதிர்த்தது ஏன், பெற்றது என்ன?

மலேசியாவில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே அது அடங்கிவிடுகிறது. போலீஸ் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் குற்றம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். அதனால் பிரிட்டனில் பல ஆண்டுகளாக யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் உரிமம் இல்லாமல் காற்றுத் துப்பாக்கி வாங்கி வர முடிந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

அந்த நிலையை மாற்ற ஸ்காட்லாந்து அரசு சட்டம் கொண்டு வந்தபோது விளையாட்டுச் சுடுநர்களும் கிராமப்புற வேட்டைச் சங்கங்களும் எதிர்த்தன. கடிதம் எழுதின, நாடாளுமன்றக் குழுவில் சாட்சி சொன்னன, உறுப்பினர்களைச் சந்தித்தன. அரசு கருத்துக் கேட்டபோது பதில் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள் பக்கமே நின்றனர். ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

அந்தப் போராட்டம் எங்கே தோற்றது, எங்கே பலன் கண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மகஜர் தயாரித்து சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கக் காத்திருக்கும் எந்தச் சங்கத்திற்கும் இதில் பாடம் உண்டு.

காற்றுத் துப்பாக்கி என்றால் என்ன?

வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று அல்லது வாயுவின் விசையால் ஈய ரவையை வெளியே தள்ளும் கருவியே காற்றுத் துப்பாக்கி. சிலவற்றில் குழலை மடக்கி உள்ளிருக்கும் சுருள் கம்பியை இறுக்க வேண்டும். சிலவற்றில் முன்கூட்டியே காற்று நிரப்பிய உருளை இருக்கும். ரவையின் விட்டம் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர் அல்லது 5.5 மில்லிமீட்டர்.

இதன் வலிமையை ‘ஜூல்’ கணக்கில் அளப்பார்கள். பிரிட்டனில் நீண்ட துப்பாக்கிக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல் வரம்பு. கைத்துப்பாக்கிக்கு 6 அடி-பவுண்டு, அதாவது 8.13 ஜூல். இதைத் தாண்டினால் அது சாதாரண காற்றுத் துப்பாக்கி அல்ல. வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கான கடுமையான சட்டத்தின் கீழ் வந்துவிடும். இந்த வரம்புகள் 1969ஆம் ஆண்டிலிருந்து இருப்பவை.

வரம்புக்குள் இருப்பதெல்லாம் விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. அரை கிராம் எடையுள்ள ரவை 12 அடி-பவுண்டு வலிமையில் வெளியேறினால் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர். முயல், எலி, புறா ஆகியவற்றைக் கொல்ல அது போதும். மனிதக் கண்ணைப் பறிக்கவும் போதும். சிறு குழந்தையின் மண்டையோட்டைத் துளைக்கவும் போதும்.

ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் போட்டித் துப்பாக்கிகள் இதில் சுமார் பாதி வலிமை கொண்டவை. 10 மீட்டர் தொலைவில் உள்ள காகித இலக்கைத் துல்லியமாகத் தொட்டால் போதும் என்பதால் அவற்றுக்கு அதிக விசை தேவையில்லை. காற்று ரைபிள் இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் இடம் அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு புள்ளி. காற்று ரைபிள் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும், காற்றுக் கைத்துப்பாக்கி 1988 சோல் ஒலிம்பிக்கிலும் அறிமுகமாயின.

பிள்ளையின் உயிரைப் பறித்த ரவை

2005 மார்ச் மாதம். கிளாஸ்கோ நகரின் ஈஸ்டர்ஹவுஸ் பகுதியில் 2 வயது ஆண் குழந்தை ஒன்றின் தலையில் காற்றுத் துப்பாக்கி ரவை பாய்ந்தது. குழந்தை மருத்துவமனையில் இறந்தது. அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் இருந்து சுட்டவர் அதே வட்டாரத்தில் குடியிருந்தவர். அவர்மீது கொலைக் குற்றம் நிரூபணமானது. ஆயுள் தண்டனை கிடைத்தது; குறைந்தது 13 ஆண்டு சிறையில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அந்தக் குழந்தையின் பெற்றோர் துக்கத்தோடு ஒதுங்கிவிடவில்லை. காற்றுத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தனர். விலங்கு நலச் சங்கமும் அவர்களுக்குத் துணை நின்றது. பூனை, அன்னம், குதிரை என்று காற்றுத் துப்பாக்கியால் சுடப்பட்ட பிராணிகள் ஸ்காட்லாந்து விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடம் அடிக்கடி வந்துகொண்டிருந்தன.

அப்போது ஸ்காட்லாந்து அரசிடம் ஒரு தடை இருந்தது. துப்பாக்கிச் சட்டம் லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தில் இருந்தது. எடின்பரோவில் ஹோலிரூட் நாடாளுமன்றம் இருந்தும், அது துப்பாக்கி பற்றிச் சட்டம் இயற்ற முடியாது. 2009இல் கால்மன் ஆணையம் காற்றுத் துப்பாக்கி அதிகாரத்தை மட்டும் ஸ்காட்லாந்துக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2012ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் வழி அந்த அதிகாரம் கைமாறியது. அதே ஆண்டு டிசம்பரில் உரிமத் திட்டத்தை முன்வைத்து அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்தவர் கென்னி மெக்கஸ்கில்.

சுடும் வீரர்களின் பழைய காயம்

சுடுநர்கள் ஏன் இவ்வளவு கலங்கினர் என்பதைப் புரிந்துகொள்ள 1996க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் நுழைந்து 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் அனைத்தும் முறைப்படி உரிமம் பெற்றவை.

நாடே கொதித்தது. கைத்துப்பாக்கியைத் தடை செய்யக் கோரிய மனுவில் இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். 1997இல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து நிறைவேறின. முதல் சட்டம் பெரிய குழல் கைத்துப்பாக்கிகளையும், ஆட்சி மாறிய பின் வந்த இரண்டாவது சட்டம் சிறிய .22 வகையையும் தடை செய்தன. உரிமையாளர்கள் இழப்பீடு பெற்றுக்கொண்டு துப்பாக்கிகளை ஒப்படைத்தனர்.

விளையாட்டுச் சுடுநர்களுக்கு அது பேரிடி. நெருப்புக் கைத்துப்பாக்கிப் பிரிவில் பயிற்சி பெற விரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியையும் 2012 லண்டன் ஒலிம்பிக்கையும் நடத்தவே அரசு சிறப்பு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தடைக்குப் பிறகு உரிமத் தொல்லை இல்லாமல் ஓர் இளைஞர் சுடும் விளையாட்டில் கால்வைக்க மிச்சமிருந்த எளிய வழி காற்றுத் துப்பாக்கிதான். பள்ளிப் பிள்ளையோ, சாரணரோ, ஓய்வு பெற்ற தாத்தாவோ மன்றத்துக்குப் போய் அன்றே பழகத் தொடங்கலாம். அந்த வாசலும் அடைபடப் போகிறது என்ற பயமே எதிர்ப்பின் அடித்தளம்.

அவர்கள் முன்வைத்த வாதங்கள்

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவை பிரிட்டிஷ் சுடுதல் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், ஸ்காட்லாந்து கிராமப்புற விளையாட்டுச் சங்கம், ஸ்காட்லாந்து இலக்குச் சுடுதல் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள். இவற்றுள் முதல் சங்கம் 1908இல் தொடங்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. அவர்களின் வாதங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதலாவது, குற்றம் ஏற்கனவே குறைந்து வருகிறது. காற்றுத் துப்பாக்கி தொடர்பான குற்றப் பதிவுகள் 2006-07க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் வெகுவாகச் சரிந்திருந்தன. குறைந்துவரும் சிக்கலுக்குப் புதிய சட்டம் எதற்கு என்று அவர்கள் கேட்டனர்.

இரண்டாவது, இருக்கும் சட்டமே போதும். பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் காற்றுத் துப்பாக்கி எடுத்துச் செல்வது முன்பே குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவர் வாங்குவது 2007 முதல் குற்றம். 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுதும் எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது. காற்றுத் துப்பாக்கியும் இதில் அடக்கம். இவற்றை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்பது அவர்களின் கோரிக்கை.

மூன்றாவது, தப்பு செய்பவன் உரிமம் கேட்டு வரமாட்டான். படிவம் நிரப்பி, படம் ஒட்டி, கட்டணம் கட்டப் போவது ஒழுங்காக வாழ்பவன்தான். சுமை அவன் தலையில் விழும். திருட்டுத்தனமாக வைத்திருப்பவன் அப்படியே இருப்பான்.

நான்காவது, போலீசாரின் வேலைப் பளு. ஸ்காட்லாந்தில் 5 இலட்சம் காற்றுத் துப்பாக்கிகள் இருக்கலாம் என்பது அரசே சொன்ன மதிப்பீடு. மொத்த மக்கள் தொகை 53 இலட்சம்தான். இத்தனை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் போனால் உண்மையிலேயே ஆபத்தான துப்பாக்கிகளைக் கண்காணிக்க ஆள் எங்கே என்று கேட்டனர்.

ஐந்தாவது, விவசாயமும் விளையாட்டும் பாதிக்கும். பண்ணையில் எலியையும் புறாவையும் கட்டுப்படுத்த காற்றுத் துப்பாக்கி மலிவான, பாதுகாப்பான வழி. நம் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க ஆந்தைக் கூண்டு வைப்பது போல, அங்கே பண்ணைக்காரர் கதவுக்குப் பின்னால் ஒரு காற்றுத் துப்பாக்கியை வைத்திருப்பார்.

எதிர்த்தரப்பு சொன்னது

உரிமம் வேண்டும் என்றவர்களின் பதிலும் வலுவானது. குற்றம் குறைந்திருந்தாலும், பதிவாகும் துப்பாக்கிக் குற்றங்களில் காற்றுத் துப்பாக்கியின் பங்கு மற்ற எந்த வகைக்கும் குறைந்ததாக இல்லை. யாரிடம் எத்தனை இருக்கிறது என்றே போலீசுக்குத் தெரியாதபோது, இருக்கும் சட்டத்தை எப்படி அமல்படுத்துவது? தண்டனை பெற்றவர் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். ஆனால் அவர் வீட்டில் ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் அவர்கள் சொன்னார்கள். தாத்தா வாங்கியது, அப்பா பரணில் போட்டது என்று மறந்துபோன துப்பாக்கிகள் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. உரிமம் கட்டாயம் என்றால் தேவையில்லாதவர்கள் அவற்றை ஒப்படைத்துவிடுவார்கள். அது மட்டுமே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். வட அயர்லாந்தில் 1 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் ஏற்கனவே நடைமுறையில் இருந்ததும் அவர்களுக்குத் துணையானது.

ஈஸ்டர்ஹவுஸ் வழக்கையே இரு தரப்பும் இரு விதமாகப் படித்தன. கொலை செய்தவனை எந்த உரிமமும் தடுத்திருக்காது என்றது ஒரு தரப்பு. அப்படிப்பட்டவன் கையில் அது கடைச் சரக்காகக் கிடைத்ததே குற்றம் என்றது மறு தரப்பு. இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தால் விடை சொல்லிவிட முடியாது.

87 விழுக்காடு எதிர்த்தும் சட்டம் நின்றது எப்படி?

2012 டிசம்பர் முதல் 2013 மார்ச் வரை நடந்த கருத்துக் கேட்பில் அரசுக்கு 1,101 பதில்கள் வந்தன. அதில் 87 விழுக்காட்டினர் உரிமத் திட்டத்தை எதிர்த்தனர். சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களை எழுதச் சொன்னன, அவர்கள் எழுதினார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அது பெரிய வெற்றி.

ஆனால் கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. யார் பதில் எழுதினார்கள் என்பதையும் அரசு பார்க்கும். பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அவர்களின் மன்றங்களும்தான். குழந்தை விளையாடும் முற்றத்துக்கு எதிரே சன்னல் இருக்கிறதே என்று கவலைப்படும் தாய், இத்தகைய அரசாங்கப் பத்திரத்தைப் படித்து 20 கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டார். அவரும் வாக்காளர் என்பது அரசியல்வாதிக்குத் தெரியும்.

அதோடு, 2011 தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 129 இடங்களில் 69 இடங்களைப் பிடித்திருந்தது. காற்றுத் துப்பாக்கிக் கட்டுப்பாடு அக்கட்சி பல ஆண்டுகளாகவே கேட்டு வந்த ஒன்று. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் அந்த நோக்கத்தை எதிர்க்கவில்லை. கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களே சுடுநர்களின் வாதத்தை அவையில் எடுத்துச் சென்றனர். அவர்கள் எண்ணிக்கையோ குறைவு. சுடுநர்கள் கதவைத் தட்டியபோது உள்ளே எண்ணிக்கை முன்பே முடிவாகியிருந்தது.

2014 மே 14ஆம் தேதி மசோதா தாக்கலானது. காற்றுத் துப்பாக்கியோடு மதுக்கடை, டாக்சி, பழைய இரும்பு வியாபாரம் ஆகியவற்றின் உரிம விதிகளும் அதே மசோதாவில் இருந்தன. உள்ளாட்சிக் குழு சாட்சியம் கேட்டது. சுடுநர் சங்கங்களும் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோருவோரும் போலீசும் அதன் முன் பேசின.

அந்த ஆண்டு ஜூலையில்தான் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி நடந்தது. சுடும் போட்டிகள் கார்னுஸ்டிக்கு அருகே பாரி படன் இராணுவப் பயிற்சித் திடலில். அங்கே 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் சிங்கப்பூரின் தியோ ஷுன் சியே தங்கம் வென்றார். 10 மீட்டர் காற்று ரைபிளில் மலேசியாவின் நூர் சுர்யானி தைபி வெண்கலம் பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் போட்டியிட்டவர் என்று நம் வாசகர்களுக்கு அவரை நினைவிருக்கும். கடுமையான உரிமச் சட்டம் உள்ள இரண்டு நாடுகளின் வீராங்கனைகள், உரிமம் விளையாட்டைக் கொன்றுவிடும் என்று வாதம் நடந்துகொண்டிருந்த மண்ணிலேயே பதக்கம் வாங்கினார்கள்.

இதை வைத்து அந்த வாதம் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மன்றமும் பயிற்சியாளரும் அரசு ஆதரவும் உள்ள உயர்மட்ட வீரருக்கு உரிமம் பெரிய தடையல்ல. சனிக்கிழமை மாலை புதிதாகப் பழக வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தடையாகுமா என்பதே உண்மையான கேள்வி. சங்கங்கள் பிற்பாடு அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டன.

தோல்விக்குள் கிடைத்த பலன்

உரிமமே வேண்டாம் என்ற கோரிக்கை செல்லாது என்று தெரிந்ததும், உரிமம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் சங்கங்கள் கவனம் வைத்தன. சட்டத்தின் நடைமுறையை வடிவமைக்க அரசு அமைத்த ஆலோசனைக் குழுவில் போலீசாருடன் சுடுநர் அமைப்புகளும் இருந்தன. சங்கங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை.

2015 ஜூன் 25ஆம் தேதி மசோதா நிறைவேறியது. ஆகஸ்டு 4ஆம் தேதி அரச ஒப்புதல் கிடைத்தது. இறுதிச் சட்டத்தில் விளையாட்டுக்கு இடம் விடும் பல விதிகள் இருந்தன.

• அங்கீகாரம் பெற்ற சுடும் மன்றத்தில், மன்ற நடவடிக்கையின்போது உறுப்பினர் சுடுவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. புதிதாகப் பழக வரும் பிள்ளைக்கு வாசல் திறந்தே இருந்தது.

• 14 முதல் 17 வயது வரை உள்ளவரும் பெற்றோர் ஒப்புதலோடு உரிமம் பெறலாம். ஆனால் அவர் துப்பாக்கியை வாங்கவோ சொந்தமாக வைத்திருக்கவோ முடியாது.

• ஏற்கனவே ஷாட்கன் அல்லது வேறு துப்பாக்கி உரிமம் வைத்திருந்தவர்கள் உடனே ஓட வேண்டியதில்லை. பழைய உரிமம் புதுப்பிக்கும் நாள்வரை அவர்களுக்கு அவகாசம்.

• ஓர் உரிமத்தில் எத்தனை காற்றுத் துப்பாக்கி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு இல்லை.

• கேளிக்கைச் சந்தைகளில் உள்ள சுடும் கடைகளுக்கு விலக்கு. நம்மூர் பன்பேரில் பொம்மை பரிசுக்காகச் சுடுவது போன்றது அது.

• 1 ஜூல் வலிமைக்கு உட்பட்டவை சட்டத்தில் சேராது.

கிடைக்காதவையும் உண்டு. ஒப்படைத்த துப்பாக்கிக்கு இழப்பீடு இல்லை. 1997இல் கைத்துப்பாக்கிக்காரர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் காலி டின்களை அடுக்கிச் சுடும் பழக்கம் இனி அவரவர் விருப்பம் அல்ல. அந்த இடம் பாதுகாப்பானதா, ரவை வேலி தாண்டிப் போகுமா என்பதைப் போலீஸ் பார்க்கும். நெருக்கமான வீடமைப்புப் பகுதியில் இருப்பவருக்கு அது எளிதில் கிடைக்காது.

இப்போது நடைமுறை எப்படி?

விண்ணப்பதாரர் போலீஸ் ஸ்காட்லாந்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் துப்பாக்கியை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவரா, வைத்திருக்க நியாயமான காரணம் உண்டா, அதனால் பொதுமக்களுக்கும் அமைதிக்கும் ஆபத்து வருமா என்று போலீஸ் தலைவர் பார்ப்பார். இலக்குச் சுடுதல், பூச்சி-பிராணிக் கட்டுப்பாடு, சேகரிப்பு ஆகியவை நியாயமான காரணங்கள். ‘சும்மா வைத்திருக்கிறேன்’ என்பது காரணமாகாது.

தொடக்கத்தில் கட்டணம் 72 பவுண்டு. அன்றைய மதிப்பில் 400 ரிங்கிட்டை நெருங்கும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். உரிமமின்றி வைத்திருந்து குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சட்டம் ஸ்காட்லாந்துக்கு மட்டுமே. எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைல் நகருக்குப் போனால் அதே துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அங்கிருந்து ஸ்காட்லாந்து கிரெட்னாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் வருகையாளர் அனுமதிச் சீட்டு வேண்டும். ஜொகூர் பாலத்தின் இரு பக்கமும் இரு சட்டம் இருப்பது நமக்குப் பழக்கம். ஆனால் அங்கே பாலமும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை, ஒரே சாலை. தெரியாமல் சட்டத்தை மீறிவிடக்கூடும் என்று சுடுநர்கள் எச்சரித்ததில் நியாயம் இருந்தது.

சட்டம் முழுமையாக அமலாகும் முன், 2016 மே 23 முதல் ஜூன் 12 வரை ‘ஒப்படைத்துவிடுங்கள்’ இயக்கம் நடந்தது. மூன்றே வாரத்தில் 11,000க்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகள் போலீஸ் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. பரணில் துருப்பிடித்துக் கிடந்தவையும், பிள்ளைகள் வெளியூர் போன பின் யாரும் தொடாதவையும் அதில் அடங்கும். உரிமம் வேண்டும் என்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 5 இலட்சத்தில் 11,000 எவ்வளவு, மீதி எங்கே என்று மறு தரப்பு கேட்டது. 2016 டிசம்பர் 31 முதல் உரிமமின்றி வைத்திருப்பது குற்றமானது.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

நம் சமூகத்தில் தமிழ்ப்பள்ளி நிலம் முதல் தோட்ட வீடமைப்பு வரை, மகஜர் கொடுக்காத விவகாரம் குறைவு. ஸ்காட்லாந்து அனுபவம் சொல்லும் சில நடைமுறை உண்மைகள் நமக்கும் பொருந்தும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தால் அது ஒரே குரலாகத்தான் எண்ணப்படும். சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களில் யார் நம் பக்கம் என்று காட்ட வேண்டும்.

காலம் முக்கியம். தேர்தல் வாக்குறுதியாகிவிட்ட ஒன்றை மசோதா வந்த பிறகு நிறுத்துவது கடினம். அது கொள்கையாக உருவாகும்போதே பேச்சுவார்த்தை தொடங்க வேண்டும்.

எதிர்ப்போடு நிற்காமல் மாற்று வரைவும் கையில் இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னபோது சுடுநர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ‘மன்றத்துக்கு விலக்கு கொடுங்கள், பிள்ளைகளுக்கு வழி விடுங்கள்’ என்று சொன்னபோது கிடைத்தது.

எதிரில் நிற்பவரின் துக்கத்தை மதிக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் குற்றப் புள்ளிவிவரம் குறைகிறது என்று சொன்னால் எண்கள் சரியாக இருந்தாலும் வாதம் எடுபடாது.

கால வரிசை

1969: காற்றுத் துப்பாக்கிகளுக்கு 12 மற்றும் 6 அடி-பவுண்டு வரம்பு.
1996: டன்பிளேன் பள்ளிப் படுகொலை.
1997: பிரிட்டனில் கைத்துப்பாக்கித் தடை.
2005: கிளாஸ்கோவில் 2 வயதுக் குழந்தை மரணம்.
2007: வாங்கும் வயது 18ஆக உயர்வு.
2009: அதிகார மாற்றத்துக்குக் கால்மன் ஆணையம் பரிந்துரை.
2012: ஹோலிரூட்டுக்கு அதிகாரம், டிசம்பரில் கருத்துக் கேட்பு தொடக்கம்.
2014 மே: மசோதா தாக்கல்.
2015 ஜூன்: மசோதா நிறைவேற்றம்.
2016 மே-ஜூன்: ஒப்படைப்பு இயக்கம்.
2016 ஜூலை: விண்ணப்பம் தொடக்கம்.
2016 டிசம்பர் 31: உரிமம் கட்டாயம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இதே கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2017இல் லண்டன் அரசும் காற்றுத் துப்பாக்கி விதிகளை மறுஆய்வு செய்வதாக அறிவித்தது. ஸ்காட்லாந்து போன்ற உரிமத் திட்டம் அங்கே வரவில்லை. அடுத்த முறை அந்த விவாதம் சூடுபிடிக்கும்போது, இரு தரப்பும் கையில் எடுக்கும் முதல் உதாரணம் ஸ்காட்லாந்தாகத்தான் இருக்கும்.